படத்துக்குக் கீழே ஒரு கட்டில்

"அந்தப் படத்தைக் கழட்டு. அப்பத்தான் நான் படுப்பேன்!"

டயாலிசிஸ் வார்டே திரும்பிப் பார்த்தது. கத்தியது பட்டாசு அம்மா. வார்டில் அவளுக்கு அதுதான் பெயர். வாரத்துக்கு இரண்டு முறை முதியோர் இல்லத்து வேனில் வந்து இறங்குவாள். ஊசி சரியாகக் குத்தாவிட்டால் திட்டுவாள், ஃபேன் சத்தம் போட்டால் திட்டுவாள், திட்டிக்கொண்டே தூங்கியும் போவாள். வழக்கமாக அவளுக்குப் போடும் பழைய மெஷின் காலையில் மக்கர் பண்ணிவிட்டது. அதனால்தான் முதல்முறையாக அவளை இந்தப் புது அறைக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

புது அறை என்றால் சும்மாவா? பெரிய துணிக்கடை முதலாளி ஒருவர் கொடுத்த நன்கொடை. மெஷினில் அவர் பெயர், கட்டிலில் அவர் பெயர், குப்பைக்கூடை மூடியைக்கூட மனுஷன் விட்டுவைக்கவில்லை. கட்டிலுக்கு நேர் மேலே ஜன்னல் அளவுக்கு ஒரு படம். 'தெய்வமாகிவிட்ட என் அன்னையின் நினைவாக' என்று தங்க எழுத்து. இரவு பகல் அணையாத பல்பு வேறு. படத்தில் இருந்தவளுக்குக் கழுத்து நிறைய நகை, கன்னம் நிறையச் சிரிப்பு.

"ஏம்மா காலங்காத்தால என் உயிரை வாங்கறீங்க?" என்றாள் ஹெட் நர்ஸ். "காலைப் பாருங்க, தூணாட்டம் வீங்கிக் கிடக்கு. போன தடவையும் வேன் ரிப்பேர்னு வரலை. இன்னிக்கும் விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"என் மூச்சு முட்டறது உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்டி. படத்தைக் கழட்டு."

"செத்தவங்க படத்துக்குக் கீழ படுத்தா நாமளும் போயிடுவோம்னு பயமா? போன வாரம் ஒரு பெரியவரும் இதே அடம்தான் பிடிச்சார்."

"பயமா? எனக்கா? போடி, போ!"

"அப்ப அந்த அம்மா மேல என்னதான் கோபம் உங்களுக்கு?"

"அவ மேல எனக்கென்ன கோபம்? பாவம், ஒண்ணும் தெரியாம சிரிச்சுக்கிட்டு நிக்கறா."

நர்ஸுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "பெத்தவளை இப்படித் தாங்கற பிள்ளை இந்தக் காலத்துல யாருக்கும்மா வாய்க்கும்? திறப்பு விழாவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குழந்தையாட்டம் அழுதார். 'இந்த மெஷின் அன்னிக்கே இருந்திருந்தா எங்கம்மா பிழைச்சிருப்பாங்க'ன்னார். நாங்க அத்தனை பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டோம், தெரியுமா?"

"அழுதானா?"

"அழுதாரான்னு கேளுங்க! நீங்க படுக்கறதுக்கு இந்த இடத்தையே கொடுத்தவர்."

பட்டாசு அம்மாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர, அந்தக் கட்டிலில் உட்காரக்கூட இல்லை.

நர்ஸ் கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, ஒரு பெட்ஷீட்டைப் போட்டுப் படத்தை மூடிடறேன். போதுமா?"

"மூட வேணாம். கழட்டு."

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் ஓடி வந்தார். டை கட்டியிருந்தார், அதற்கு மேலே முகம் சிவந்திருந்தது. "என்ன கலாட்டா இங்க? முதலாளி கீழ கார்ல வந்து இறங்கிட்டார். இன்னொரு மெஷின் தரப்போறார், தெரியுமில்ல? படம் இருந்தாத்தான் மெஷின்னு கறாரா சொல்லிட்டார். யாரு இந்தம்மா? சொல்லிப் புரியவைக்கக் கூட ஆள் இல்லையா?"

"இல்லத்துல இருந்து வர்றாங்க சார். ஏன்னு கேட்க நாதி இல்லை."

"அப்ப விடு. கொண்டுபோய் வெளிய பெஞ்சுல உட்கார வை. அவர் போனப்புறம் பார்த்துக்கலாம்."

அதுவரை பட்டாசு அம்மா மேல் இருந்த கோபம் மொத்தமும் நர்ஸுக்கு அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது.

"வெளிய உட்கார வெச்சா பெஞ்சுலயே போயிடுவாங்க சார்! ஃபோட்டோவுக்கு வைத்தியம் பார்க்கவா நான் வேலைக்கு வந்தேன்?"

விறுவிறுவென்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பல்பைப் பிடுங்கினாள். சட்டத்தின் இரு பக்கமும் கை வைத்தாள். கண்காணிப்பாளர் "ஐயையோ" என்று பதறிக் கிட்டே வருவதற்குள் கதவு திறந்தது.

"கையை எடு!"

வெள்ளைச் சட்டை, பின்னால் கேமராவோடு ஒருவர். முதலாளியின் குரலில் கூரையே அதிர்ந்தது. "யார் மேல கை வைக்கறே? அது என்னைப் பெத்த தாய்! அந்தத் தெய்வத்துக்காகத்தான் இத்தனையும் கொட்டிக் கொடுக்கறேன். என்ன தைரியம் உனக்கு?"

"சார், மன்னிச்சுக்குங்க," கண்காணிப்பாளர் கையைப் பிசைந்தார். "எல்லாம் இந்தக் கிழவியால வந்தது. படத்தைக் கழட்டினாத்தான் படுப்பேன்னு ஒரே பிடிவாதம்."

"எந்தக் கிழவி? எவளா இருந்தாலும் முதல்ல வெளிய..."

முதலாளி திரும்பினார். அவளைப் பார்த்ததும் பின்னால் இருந்த கேமராவைக் கையால் மறைத்தார்.

பட்டாசு அம்மா கட்டில் கம்பியை விடாமல் நிமிர்ந்தாள். மூச்சு திணறியது. ஆனால் இந்த முறை அவள் கத்தவில்லை.

"மெஷின் இருந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பான்னு மைக்ல அழுதியாமே? இதோ மெஷின் இருக்கு. படத்தைக் கழட்டுடா, உங்கம்மா படுக்கணும்."