ஒன்பதாவது இலக்கம்

தேர்வு மறுமதிப்பீட்டு அறையில் அதிகாரி கால்குலேட்டரைத் தட்டுகிறார். ஜன்னல் வெயில் விடைத்தாளில் விழுகிறது. 735120486 ஒன்பதால் மீதியின்றி வகுபடுமா என்பது கேள்வி. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தாறு, ஆகவே வகுபடும் என்று லேத் பட்டறைக்காரி எழுதிய விடையைச் சிவப்பு மை அடித்திருக்கிறது. அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் அவளுடைய மேற்பார்வையாளர் பதவி நிற்கிறது.

“பாத்துக்கம்மா, வகுத்தா புள்ளி வருது.”

அவளுடைய கிரீஸ் கறை போகாத விரல் கால்குலேட்டர் திரையைத் தட்டுகிறது. “உங்க மிஷின்ல எட்டு இலக்கம்தான் ஏறும் சார். கடைசி ஆறு உள்ளயே போகல.”

அவர் மறுபடி அடிக்கிறார். ஆறை அழுத்துகிறார், திரை அசையவில்லை.

“மிஷின் பொய் சொல்லாது. அடுத்த ஆள் வாங்க.”

“அதுக்கு இடமில்லன்னா நான் ஃபெயிலா சார்? கூட்டிப் பாருங்க. கூட்டத் தெரியும்ல?”

அடுத்த ஆள் நகரவில்லை. “ஏழும் மூணும் பத்து,” என்கிறார் உரக்க. பின்னால் வரிசை தொடர்கிறது: “அஞ்சு சேத்தா பதினஞ்சு.” அதிகாரியின் விரல் இன்னும் ஆறின் மேலேயே இருக்கிறது.