தலைகீழ்ப் பூவரசு

இரவு ஷிப்டு முடிந்து குமரவேள் பகலில் படுக்கும் அறையின் மேற்குச் சுவர் அடுப்பாகக் கொதித்தது. தூக்கமில்லாமல் ஒருமுறை இயந்திரத்தில் விரலே போகப் பார்த்தது. நிழலுக்காகப் பூவரசங்கிளை ஒன்றை வெட்டிவந்து வெளியே சுவரோரம் ஊன்றினான், தூக்கக் கலக்கத்தில்.

“நுனியப் பொதைச்சு அடிய மேல விட்டிருக்கீங்க. வேரு வானத்துலயா புடிக்கும்?” என்றாள் மனைவி செண்பகம். பிடுங்கி நட அவனுக்குத் தெம்பில்லை. அவள் தினமும் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினாள்.

ஆவணியில் ஒரு மதியம், புரண்டுகொண்டிருந்தவனை இழுத்துவந்தாள். “பாருங்க, வழி தெரிஞ்சு திரும்பிடுச்சு.” தளிர் ஒன்று தரையை நோக்கிக் கிளம்பி, பாதியில் வளைந்து மேலே ஏறியிருந்தது. அதன் நிழல் சுவரில் உள்ளங்கை அளவு விழுந்தது. அங்கே கன்னத்தை வைத்தான்.

“சுடுதா?”

“கொஞ்சம் கம்மி” என்று போய்ப் படுத்தான். ஷிப்டுக்கு அவள்தான் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.