தயவு தாட்சண்யமின்றி

“அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கப்போகுது. மழையெல்லாம் வராதுங்க” என்றாள் மனைவி.

ரிட்டயர்டு மேனேஜர் காதில் வாங்கவில்லை. கையிலிருந்த ஹோஸ் பைப்பில் தண்ணீர் நூலாக வடிந்தது. அவருடைய தோட்டம் மொத்தமும் கருகிக் கிடக்க, பக்கத்து வீட்டு டீச்சரின் கொடிரோஜா மட்டும் சுவர் கொள்ளாமல் பூத்திருந்தது.

“ஊரே மழைக்கு ஏங்குது. அந்தம்மாவுக்கு மட்டும் ஏது தண்ணி? திருட்டுக் கனெக்‌ஷன்தான்!”

“ஒரு மாசமா தண்ணியே ஊத்தலையாம். தானா தழையுதேன்னு அவங்களே ஆச்சரியப்படுறாங்க.”

“எல்லாம் நடிப்பு! அவங்க கொடி நம்ம பக்கம் எட்டிப் பார்க்குதுன்னு போன மாசம் சுவரோரமா இரும்புக் கம்பி அடிச்சு வலை கட்டினேன்ல? அந்த வீம்புக்கு வளர்க்குறாங்க.”

அன்றே குடிநீர் வாரியத்துக்குப் புகார் பறந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து, ரோஜாவின் அடியில் தோண்டச் சொன்னார். மேனேஜர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மண்ணின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே போன பள்ளம், சுவருக்கு அடியில் நுழைந்து, அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது.

“சார், இந்த இரும்புக் கம்பியை அடிச்சது யாரு?”

“நான்தான். ஏன்?”

“உங்க வீட்டுக் குழாயிலேயே இறக்கியிருக்கீங்க. உங்களுக்கு வர்ற தண்ணியில முக்கால்வாசி டீச்சர் செடிக்குத்தான் போயிட்டிருக்கு.”

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் புகார்க் கடிதத்தைப் பிரித்தார்.

“‘தண்ணீரை வீணாக்குபவரின் இணைப்பைத் தயவு தாட்சண்யமின்றித் துண்டிக்க வேண்டும்.’ அருமையா எழுதியிருக்கீங்க சார். உங்க வீட்டு வால்வு எங்க இருக்கு?”