மந்திரியின் கயிறு

தன் நாய் மந்திரியின் காதைப் பிஸ்கட் கடித்துக் கிழித்ததிலிருந்து பொன்னுரங்கம் மருமகள் பவளக்கொடியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிஸ்கட் அவள் பிறந்த வீட்டிலிருந்து கூட்டி வந்த நாய். இன்னொரு தடவை சண்டை வந்தால் இரண்டில் ஒன்றைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவதாக மகன் சொல்லிவிட்டான். எது போகும் என்று கிழவருக்குத் தெரியும். அதனால்தான், இரண்டையும் பக்கம் பக்கமாக நடத்திப் பழக்கலாம் என்று பவளக்கொடி கூப்பிட்டதும் கிளம்பினார்; அது பலிக்கும் என்று நம்பி அல்ல. சாலையின் அந்த ஓரம் அவளும் பிஸ்கட்டும், இந்த ஓரம் அவரும் மந்திரியும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். மந்திரி உறுமிக்கொண்டே வந்தது.

"கவுத்தைக் கொஞ்சம் உடுங்க மாமா. நீங்க இழுத்துப் புடிச்சா, என்னமோ வரப்போகுதுன்னு அது பயந்துக்குது."

"உட்டா இன்னொரு காதும் போயிரும். நீ உன்ற நாயைப் பாரு."

"என்ற நாயி சும்மாதான் வருது. மொறைக்கிறது நீங்க ரெண்டு பேருந்தான்."

கிழவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. இருமி மறைத்தார்.

பிஸ்கட் எதிர் ஓரத்துக் கல்லொன்றின் மேல் காலைத் தூக்கிவிட்டு முன்னே நடந்தது. மந்திரி உறுமலை நிறுத்திவிட்டு மூக்கை அந்தப் பக்கம் நீட்டியது. கயிறு எட்டவில்லை. அது அவரை அண்ணாந்து பார்த்தது.

"உன்ற கவுறு தளந்துதான இருக்குது, அம்மிணி?"

பவளக்கொடி கையைத் தூக்கிக் காட்டினாள். கயிறு தரையில் புரண்டது.

கிழவர் மணிக்கட்டுச் சுற்றைக் கழற்றிக்கொண்டே, மந்திரிக்குப் பின்னால் சாலையின் குறுக்கே இறங்கினார்.