பெட்டியில் ஏறாத சட்டி

"இது உன்னோடதா, என்னோடதா?" மாமியார் ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்களோடது அத்தை. என்னோடதுல பிடி கறுப்பா இருக்கும்."

சமையலறைத் தரையில் மூன்று அட்டைப்பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. நான்கு வருடம் ஒன்றாகப் புழங்கிய பாத்திரங்கள். எது யாருடையது என்று பிரிப்பது நினைத்த அளவு சுலபமாக இல்லை.

கூடத்தில் மகன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

உறவுக்காரர்களிடம் 'புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல' என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் துருவவில்லை.

கீழே வண்டி காத்திருந்ததால் மருமகள் கைக்கு வந்ததையெல்லாம் பெட்டியில் போட்டாள். இரண்டு நான்ஸ்டிக் தவாக்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகியபோது மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வெளியே எடுத்து, நடுவில் பழைய துணி ஒன்றை மடித்து வைத்தாள்.

"வெறுமனே வெச்சா கீறிடும்மா. அப்புறம் எதை வெச்சாலும் அடி பிடிக்கும்."

"சரி அத்தை."

கண்ணாடித் தட்டுகளையும் மாமியாரே செய்தித்தாளில் சுற்றி, படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்தாள். அளவுக் கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற தாய்கூட இவ்வளவு பதவிசாகக் கட்டியிருக்க மாட்டாள்.

அடுத்து கேக் டின்கள்.

மருமகள் வந்த புதிதில் அவற்றை அலமாரியில் வைத்தபோது, "அடுப்புக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டு வேடிக்கை பாக்குறதெல்லாம் ஒரு சமையலா?" என்று கேட்டவள்தான் மாமியார். பிறகு அவளேதான் டின்னின் அடிக்குத் தோதாக பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டப் பழகிக்கொண்டாள். அவள் செய்த முதல் கேக் நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி வந்தது. "இதுல பால் ஊத்தி வைக்கலாம் அத்தை" என்றாள் மருமகள். இரண்டு பேரும் இதே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

இப்போது மருமகள் சின்ன டின்னை மட்டும் எடுத்து மேடைமேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும்."

மாமியார் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடைசியாக, கீழ்த்தட்டின் மூலையில் கிடந்த ஸ்டீல் சட்டியை இழுத்தாள். கல்யாணத்துக்கு முன்பு நாலு கடை ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து மருமகளுக்கென்று அவளே வாங்கியது. நல்ல கனத்த அடி. இப்போது ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. பெட்டியில் எதனோடும் சேரவில்லை. எப்படித் திருப்பி வைத்தாலும் ஆடியது.

"அது வேணாம் அத்தை."

"நல்ல சட்டிம்மா. தட்டி நிமித்திட்டா ஆயுசுக்கும் வரும்."

மருமகள் முகத்தில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். புருவத்துக்கு மேலே, தையல் போட்ட தழும்பு தெரிந்தது.

மாமியார் சட்டியைச் சத்தம் வராமல் வெளியே எடுத்து வைத்தாள்.

மருமகள் கிளம்புவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். பெட்டிகளுக்கு டேப் ஒட்டி முடிக்கும்வரை அதை எப்படித் தொடங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை கூடவே போனாள். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது வாயில் வந்தது வேறு.

"அடியில கை குடுத்துத் தூக்கச் சொல்லு. கண்ணாடி இருக்கு."

"சொல்றேன். நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க அத்தை."

வண்டி கிளம்பியதும் டிவியின் சத்தம் குறைந்தது.

"போயாச்சா?" என்றான் மகன்.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். சட்டியைக் கையில் எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தையல் போட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்று மருமகளிடம்தான் கேட்டார். மருமகள் மெல்லத் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல. மகன் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் நிதானமாகத்தான் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை.

"மேல் தட்டுலேர்ந்து சட்டி விழுந்துடுச்சு டாக்டர். நான்தான் சரியா அடுக்கல."