காலண்டருக்குப் பின்னால்

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஒரு உயிரையும் கொல்லக் கூடாது" என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த எட்டுக்கால் பூச்சி தப்பித்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்குப் பயந்தே வேதவல்லி ஒன்பது மாதமும் அந்தச் சுவர்ப்பக்கம் போகவில்லை. தேதி வேண்டுமென்றால் கணவன் தணிகாசலத்தைத்தான் கேட்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் பிள்ளையில்லாமல் திரும்பிய அன்று, பிரசவத் தேதிக்கு வட்டம் போட்டிருந்த அந்தக் காலண்டரைத்தான் தணிகாசலம் முதலில் கழற்றினான். வெள்ளை வில்லைபோன்ற முட்டைப்பையை வயிற்றோடு அணைத்தபடி பூச்சி அசையாமல் நின்றது.

"இனிமே அடிக்கலாம்" என்று சொல்லிச் செருப்பை ஓங்கினான்.

வேதவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "எங்கிட்ட குடுங்க."

செருப்பை வாங்கிக்கொண்டு அவள் சுவரை நெருங்கினாள். பூச்சி ஓடவில்லை, பையையும் விடவில்லை. அவள் செருப்பைக் கீழே போட்டாள்.