மாடியில்லாத வீடு

வக்கீலம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

மகனின் மூளை.

நெற்றிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திட்டு. சின்ன வயதில் பட்ட அடி என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம்.

எதிர்வீட்டுப் பிள்ளையிடம் அவன் தப்பாக நடந்துகொண்டான் என்று தீர்ப்பாகிவிட்டது. பிள்ளைக்கு எட்டு வயது.

"இப்படி அடிபட்டவங்க எல்லாரும் தப்புப் பண்றதில்லம்மா. இவன் செஞ்சது செஞ்சதுதான். ஆனா தண்டனை சொல்றதுக்கு முன்னாடி ஜட்ஜுக்கு எல்லாம் தெரியணும். ஒளிக்காம சொல்லுங்க, எப்படி அடிபட்டுச்சு?"

அம்மா படத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"மாடிப்படியில விழுந்துட்டான்."

முப்பது வருடத்துக்கு முன்னால் பெரியாஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னாள். அப்போது அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. யாரும் வந்து பார்க்கவில்லை.

அன்று மூத்தவளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வாசலுக்கு வந்துவிட்டது. இருபத்தொரு தட்டு. தன் அண்ணனை ஊரே பார்க்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழு வயது மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

மாமா தன்னை என்ன செய்கிறார் என்று சொன்னான். தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னான்.

வாயை மூடுடா என்று ஓங்கித் தள்ளினாள். ஆட்டுக்கல்லில் போய் விழுந்தான்.

மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்த பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பாவி, அப்பாடா என்றுதான் இருந்தது.

எதிர்வீட்டுப் பிள்ளையும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னதாம். கேட்ட கையோடு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். அவளை நினைக்கும்போதுதான் இவளுக்குத் தூக்கம் போகிறது.

மாடிப்படி என்று வக்கீலம்மா எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அண்ணன் பைக்கில் காத்திருந்தார். அவளை இங்கே கூட்டிவந்ததே அவர்தான். இடையில் போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளுடைய பேத்தியையும் அழைத்து வந்திருந்தார். அது டேங்கின் மேல், அவர் கைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"முடிஞ்சுதாம்மா? ஏறு."

பிள்ளை அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டியது.

அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பி வக்கீல் அறைக்குள் நடந்தாள்.

பின்னால் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.